சிணுங்கும் பெட்டி

“தட்டிப் பாத்தியா?”

“தட்டியாச்சுண்ணே, குதிச்சும் பாத்தாச்சு. சிணுங்கல் நிக்கல. நடந்துதானே உங்ககிட்ட வந்தேன்? நான் அசையிறதே அதுக்குத் தெரியல.”

தீயணைப்பு நிலையத்து ஸ்டோர்காரர் பெட்டியைக் காதருகே வைத்துப் பார்த்தார். தீயணைப்புக்காரர்கள் மூச்சுவிட முதுகில் மாட்டும் காற்று உருளையோடு வரும் சின்னப் பெட்டி அது. இடது தோள்வாரில் தொங்கும். மாட்டியிருப்பவர் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தால் சிணுங்கும். ஒரு தட்டு தட்டினால் அடங்கும். தட்ட ஆளில்லை என்றால், உள்ளே ஒருவர் விழுந்து கிடக்கிறார் என்று தெருவுக்கே கேட்கும்படி அலறும். அவர் கையில் அது வாயே திறக்கவில்லை. ஆள் பார்த்துத்தான் சிணுங்கும் போல, உன்னை மாதிரியே, என்று சிரித்துவிட்டு அவள் தோளிலேயே திரும்ப மாட்டினார்.

அப்போதுதான் அவள் கவனித்தாள். பழைய எண்ணைச் சுரண்டிவிட்டுப் புதிய எண் ஒட்டியிருந்தார்கள். வாரின் தையலுக்குள் ஒரு கருகல், எத்தனை சோப்பு போட்டும் போகாதது.

“இது சின்னவனோடதாண்ணே?”

“கழுவி, சோதிச்சுப் பாத்துத்தான் குடுக்கிறோம். புதுசு வாங்க மேல இருக்கிறவங்களுக்கு மனசு வராதும்மா,” என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

சின்னவன் அவளோடு வேலைக்குச் சேர்ந்தவன். கூட்டத்திலேயே இளையவன் என்பதால் அந்தப் பெயர். ஆம்புலன்ஸ் பயிற்சியில் ஒரே ஸ்ட்ரெச்சரின் தலைப்பக்கம் அவள், கால்பக்கம் அவன். மகா சோம்பேறி. வரிசையில் நிற்கும்போது பெட்டி சிணுங்கினால் தானாக அசைய மாட்டான். தோளை அவள் பக்கம் சாய்த்து, தட்டி விடச் சொல்வான். திட்டிக்கொண்டே தட்டுவாள்.

போன மாதம் தீப்பிடித்த ஒரு கிடங்கின் கூரை இடிந்து இறங்கியபோது அவன் உள்ளே, அவள் வெளியே. யாரும் போகக் கூடாது என்று உத்தரவு வந்தது. கையில் தண்ணீர்க் குழாயோடு எல்லாரும் அந்த அலறலைக் கேட்டபடி நின்றார்கள், பேட்டரி தீர்ந்து அது முனகலாகி அடங்கும்வரை. பிறகு அவனை வீரன் என்று பேசினார்கள். பேச்சின் சூடு ஆறுமுன் அவன் லாக்கரில் வேறொருவனின் சட்டை தொங்கியது.

இன்று புகை அறைத் தேர்வு. உள்ளே கிடக்கும் பொம்மையை இழுத்து வராமல் திரும்பியவர்களுக்கு வேலை இல்லை. அம்மாவோ வேலை நிரந்தரமாகிவிட்டதென்று பக்கத்து வீட்டில் சொல்லியே விட்டாள்.

அவளை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

இடது கை சுவரைத் தடவ, முழங்கால்கள் ஈரத் தரையில் வழுக்க, முகமூடியின் ரப்பர் வாசனைக்கு அடியிலிருந்து இன்னொரு வாசனை, கருகிய நைலானும் யாருடையதோ பழைய வியர்வையும் கலந்தது, மெல்ல மேலேறி வர, தன் மூச்சின் சத்தத்தை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு அவள் அந்தக் கறுப்புக்குள் தவழ்ந்து போனாள்.

பெட்டி சிணுங்கியது.

தவழ்ந்துகொண்டேதான் இருந்தாள். தோளைக் குலுக்கினாள். அது நிற்கவில்லை. பழுதுதான், வெறும் பழுது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பெட்டியோ, அசையாமல் கிடப்பது யாரென்று தெரிந்ததுபோல், அவசரமில்லாமல் சிணுங்கியது.

வலது கையில் துணி தட்டுப்பட்டது. பொம்மை. அக்குளுக்குக் கீழே பிடித்து இழுத்தாள். இனி வந்த வழியே சுவரைத் தொட்டுக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

மூச்சை இழுத்தாள். காற்று வால்வு சீறியது.

மூச்சை விட்டாள். இழுக்கும்போது மட்டும் சீற வேண்டிய வால்வு மறுபடியும் சீறியது.

ஆம்புலன்சில் எத்தனையோ பேரின் மூச்சைக் காது கொடுத்துக் கேட்டவள். தன் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

சீறல். இடைவெளி. சீறல்.

இழுப்பது அவளில்லை.

பெட்டி அலறத் தொடங்கியது. வெளியே எல்லாருக்கும் கேட்கும். பயிற்சி அதிகாரிக்கு, ஸ்டோர்காரருக்கு, வரிசையில் நிற்பவர்களுக்கு. கேட்டுக்கொண்டு நிற்பார்கள். அது அவர்களுக்குப் பழக்கம்தான்.

யாரும் வரவில்லை.

இடது கையில் சுவர். விட்டால் வழி போகும். வலது கையில் பொம்மை. விட்டால் வேலை போகும்.

முதுகில் உருளை கனத்தது. உருளை மட்டும் அல்ல. மெதுவாக, வரிசையில் நிற்கும்போது சாய்வதுபோலவே, ஒரு தோள் அவள்மேல் சாய்ந்தது. பிறகு ஒரு கன்னம். எரிந்த காகிதம்போல் பொலபொலவென்று அவள் கழுத்தில் உதிர்ந்தது.

அலறலுக்கு அடியில், சோம்பலான அதே குரல்.

“அக்கா, தட்டி விடேன்.”