நடுகாணிச் சுரத்துக்கு மூன்று சைக்கிள்கள்

காலையில் பல் துலக்கிக்கொண்டே அன்றைய நோக்கங்களை ஒப்புவிப்பது கோயம்புத்தூரில் எல்லோருக்கும் பழகிப்போன வேலை. திலகனும் வாய் நிறைய நுரையோடு குளியலறைக் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னான். "எட்டு மணிக்கு வேலைக்குப் போறேன். மத்தியானம் பல் டாக்டர். சாயங்காலம் மேனேஜரைத் திட்டோணும்னு இருக்குது, திட்டமாட்டேன்."

ஒவ்வொன்றுக்கும் கண்ணாடியின் மூலையில் ஒரு பச்சைப் புள்ளி வந்து போயிற்று. காதுக்குப் பின்னால், தோலுக்கடியில் அரிசி அளவில் கிடக்கும் நோக்கமானி, சொல்வதும் நினைப்பதும் ஒன்றுதானா என்று நரம்பைத் தொட்டுப் பார்த்து அரசுக்கு அனுப்பிவிடும்; பச்சை வந்தால் ஆள்மேல் சந்தேகமில்லை என்று பொருள். பிறந்த மூன்றாம் நாளே குழந்தைக்கு அதைப் பொருத்திச் சொட்டு மருந்தும் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவார்கள். யாரும் அதைப் பற்றி இப்போதெல்லாம் பேசுவதுகூட இல்லை.

"ஒன்பதாந்தேதி சைக்கிள்ல நடுகாணிச் சுரம் இறங்கிக் கேரளாவுக்குப் போறேன்" என்றான் கடைசியாக.

பச்சை வரவில்லை. புள்ளி கொஞ்ச நேரம் வெள்ளையாகவே நின்று, பிறகு மஞ்சளாயிற்று. முப்பத்தேழு வயதில் அவனுக்கு மஞ்சள் விழுந்தது அதுவே முதல் தடவை. வாய் கொப்பளிக்க மறந்து அப்படியே நின்றான்.

பயந்து ஒதுங்கிக்கொள்ள அவனுக்கு நாள் இல்லை. பதினான்காம் தேதி அவன் நிலவுச் சுரங்கத்துக்குப் புறப்பட வேண்டும். பதினொரு வருட ஒப்பந்தம். உடம்பில் பாரமே தெரியாமல் அங்கே திரிந்துவிட்டுத் திரும்புகிறவர்களின் கால் எலும்பு அப்பளம் மாதிரி ஆகிவிடுகிறது. நடக்கலாம், சைக்கிளை மட்டும் மறந்துவிடுங்கள் என்று மருத்துவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

பயணத் திட்டமோ பத்தொன்பது வருடப் பழசு. கல்லூரி கேன்டீனில் யூசுஃபும் பெர்னதெத்தும் அவனும் உட்கார்ந்து போட்டது. ஊட்டி வழியாகக் கூடலூர் வரை வேன்; அங்கிருந்து தேயிலைத் தோட்டத்து மண்பாதைகளில் சைக்கிள்; நடுகாணிக் கணவாயில் எல்லையைத் தாண்டினால் கேரளத்து வழிக்கடவு வரை காட்டுக்குள்ளேயே இறக்கம். இதை இப்போது விட்டால் திலகனுக்கு ஆயுசுக்கும் கிடையாது. பூமியை விட்டுப் போவதைக்கூட அவன் தாங்கிக்கொண்டான். அந்த இறக்கத்தைப் பார்க்காமல் போவதைத்தான் தாங்க முடியவில்லை.

"மஞ்சளா? விவரம் பத்தலைன்னா அப்படித்தான் காட்டும்" என்றாள் பெர்னதெத். இரண்டாயிரம் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்குத் தனியாளாகக் கால அட்டவணை போடுகிறவள். "திட்டத்தை மொட்டையாச் சொன்னா எல்லை அறிவகத்துக்கு எப்படிப் புரியும்? என்கிட்ட விடு."

எல்லை அறிவகம் என்பது நாட்டின் எல்லா மாநில எல்லைகளையும் தன்னந்தனியாகப் பார்த்துக்கொள்ளும் எந்திர மூளை. அவள் அதற்கு நிமிடக் கணக்கில் திட்டத்தை எழுதி அனுப்பினாள். மறுநாள் திலகனின் புள்ளி ஆரஞ்சாயிற்று. தங்கும் விடுதியைப் பதிவு செய்தார்கள், ஆரஞ்சு அடர்ந்தது. உக்கடத்தில் சைக்கிள் பட்டறை வைத்திருந்த யூசுஃப் மூன்று வண்டிக்கும் பிரேக் கட்டை மாற்றி, படமெடுத்து அதையும் அனுப்பிவைத்தான். அன்று மாலை பருந்து அளவில் ஒரு பறக்கும் கண் திலகன் வீட்டு பால்கனிக் கம்பியில் வந்து உட்கார்ந்தது. துணி எடுக்கப் போனால் தலையைத் திருப்பிப் பார்த்தது. போகச் சொன்னால் போகவில்லை.

அலுவலகத்தில் விடுப்பு கேட்டபோது மேனேஜர் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நெசமாவே போறீங்களா?"

"ஆமாங்க. ஏனுங்க?"

"ஒண்ணுமில்லைங்க, சும்மா கேட்டேன்" என்றவர் அதற்குப் பிறகு அவன் கண்ணைப் பார்க்கவில்லை.

ஒன்பதாம் தேதி விடியற்காலை ஐந்து பத்துக்கு வேன் என்று பேச்சு. ஐந்து ஒன்பதுக்கு மூன்று பேரும் நின்றார்கள். யூசுஃபும் பெர்னதெத்தும் ஒருவரை ஒருவர் பார்த்து ஏனோ லேசாகத் திடுக்கிட்டார்கள். வேன் கோத்தகிரி ஏறி ஊட்டி தாண்டும் வரை வழியிலிருந்த சோதனைச் சாவடிகள் எல்லாம் அவர்களுக்கு மட்டும் தானாகவே திறந்துகொண்டன. மற்ற வண்டிகளை வேறு பாதைக்குத் திருப்பிவிட்டார்கள். கூடலூர் விடுதிக்காரர் பதிவேட்டையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தார். "புக் பண்ணின மூணு பேருமே வந்துட்டீங்களா?" என்றவர், பைகளை வாங்கி வைத்த கையோடு ஷட்டரை இழுத்து மூடிக்கொண்டார்.

ஆனால் சைக்கிளில் ஏறியதும் திலகனுக்கு எல்லாம் மறந்துபோயிற்று. கூடலூரைத் தாண்டிய மண்பாதையில் தேயிலைச் செடி முழங்காலை உரச, சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே வெயில் விட்டுவிட்டு விழுந்தது. வாய்விட்டுக் கத்தினான். பத்தொன்பது வருடத்தில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததாக அவனுக்கு ஞாபகமில்லை. பின்னால் வந்த இருவரும்தான் பேச்சில்லாமல் மிதித்தார்கள்.

நடுகாணியில் சுரத்தின் வாயிலான எல்லைச் சாவடிக்குள் நுழைந்ததும் முன்கதவு திறக்கும் என்று பார்த்தால், பின்கதவு மூடிக்கொண்டது. சாம்பல் நிறச் சீருடையில் ஒரு பெண் அலுவலர் வந்தார். சட்டையில் தமயந்தி என்று எழுதியிருந்தது.

"மூணு பேரும் வந்திருக்கீங்க."

"ஆமாங்க."

"ஒருத்தர்கூட நின்னுக்கல."

"திட்டம் போட்டோம், வந்தோம். இதுல என்னங்க தப்பு?"

தமயந்தி பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னார். "நண்பர்கள் குழு வெச்சுப் போட்ட பயணத் திட்டம் அறிவகத்துகிட்ட நாலு கோடி இருக்கு சார். நம்ம பாட்டன் பூட்டன் காலத்துலேருந்து சேர்த்தது. அதுல நெசமா கிளம்பினது ஆயிரத்துக்கு மூணு. கிளம்பினவங்கள்ல பாதிப் பேர் கடத்தல்காரங்க, மிச்சப் பேர் குண்டு வைக்கிறவங்க. சொன்ன நேரத்துக்கு வந்தவங்க…" ஓரடி பின்வாங்கினார். "அவங்கள்ல ஒருத்தர்கூட நல்லவங்க இல்ல சார்."

திலகன் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

கூரையிலிருந்து அறிவகத்தின் குரல் இறங்கியது. இனிமையான குரல்தான். "பெர்னதெத். நேற்று மாலை எழுதி, அனுப்பாமல் வைத்த செய்தி: அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, நீங்கள் இருவரும் போய்வாருங்கள்."

பெர்னதெத்தின் அம்மா இறந்து மூன்று வருடமாகிறது. கல்லறை வரை பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்களில் திலகனும் ஒருவன்.

"யூசுஃப். எழுதி அனுப்பாமல் வைத்தது: மனைவியின் தம்பிக்குக் கல்யாணம்."

யூசுஃபின் மனைவிக்குத் தம்பி கிடையாது.

"இருவரும் இயல்பான மனிதர்கள். இன்று காலை வரை இவர்கள் புள்ளி பச்சை. விடுவிக்கப்படுகிறார்கள்."

"இல்லடா திலகா" என்றான் யூசுஃப், தரையைப் பார்த்துக்கொண்டு. "இவ எப்படியும் நிறுத்திருவான்னு நான் இருந்தேன்."

"நான் இவனை நம்பி இருந்தேன்" என்றாள் பெர்னதெத். அழுகிற மாதிரி இருந்தாள்.

"திலகன்" என்றது குரல். "எழுதி அனுப்பாமல் வைத்தது எதுவுமில்லை. பதினெட்டு நாட்களில் ஒரு தடவைகூடத் தயங்கவில்லை." அறை முழுக்கச் சிவப்பு விளக்கு விழுந்தது.

முன்கதவின் கண்ணாடி வழியாக அந்த இறக்கம் தெரிந்தது. நாற்பதடி தூரம்கூட இல்லை. ஈரப்பாதை மூங்கில் காட்டுக்குள் வளைந்து பனிமூட்டத்தில் மறைந்தது. திலகன் கண்ணாடியில் கையை வைத்தான்.

தமயந்தி அவன் பக்கத்தில் வந்து கிசுகிசுத்தார். "விசாரணைக் கூடத்துக்குக் கூட்டிட்டுப் போனவங்க யாரையும் நான் திரும்பப் பார்த்ததில்ல சார். எல்லாரும் பண்றதைப் பண்ணிடுங்க. உங்க மூணு பேர் செல்பேசிக் குழுவுல போடுங்க."

"என்னன்னு போடறது?"

"உங்களுக்குத் தெரியாதா சார்?"

அவன் செல்பேசியில் தட்டினான். *ஆபீஸ்ல திடீர்னு வேலை வந்துருச்சு. இந்தத் தடவை முடியாது போல. அடுத்த மாசம் கண்டிப்பாப் போறோம்.*

அடுத்த மாதம் அவன் நிலவில் இருப்பான் என்பது அறிவகத்துக்குத் தெரியும். எழுதியது பச்சைப் பொய் என்று நோக்கமானி அந்த நொடியே கண்டுகொண்டது. அதனால்தான் சிவப்பு அணைந்து பச்சை வந்தது. பின்கதவு திறந்தது.

திலகன் சைக்கிளை ஊருக்குப் போகும் பக்கம் திருப்பினான். இரண்டடி தள்ளி நின்ற பெர்னதெத், செல்பேசியை எடுத்து அவன் செய்திக்கு ஒரு கட்டைவிரல் படம் போட்டாள்.

"கண்டிப்பாடா" என்று யூசுஃபும் பதில் போட்டான். அதற்கும் பச்சைதான் விழுந்தது.