அம்மாவுக்கு ஆள் வேணும்

பொடிசு பள்ளியிலிருந்து வந்தபோது தம்பிப் பாப்பா வீறிட்டு அழுதுகொண்டிருந்தான். அம்மா பக்கத்திலேயே படுத்திருந்தாள். கண் திறந்திருந்தது. கை மட்டும் நீளவில்லை.

"அம்மா, தம்பி அழறான்."

"கேக்குது."

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தம்பி பிறந்து இரண்டு மாதம். கலகலவென்று இருந்த அம்மா கொஞ்சம் கொஞ்சமாக ஓய்ந்துபோனாள். அப்பாவுக்குக் கப்பலில் வேலை. அவர் போன் செய்தால், "நல்லா இருக்கோம்" என்பாள். வைத்ததும் அழுவாள். "யார்கிட்டயும் சொல்லாதே, பொடிசு."

பொடிசு தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"அம்மா, வெளியே போயிட்டு வரேன்."

எங்கே என்று அம்மா கேட்கவே இல்லை. அதுதான் பொடிசை அதிகம் பயமுறுத்தியது.

அம்மா வேலை பார்த்த தையற்கூடம் இரண்டு தெரு தள்ளி இருந்தது. உள்ளே மெஷின்கள் தடதடத்தன. துணி வெட்டிக்கொண்டிருந்த கட்டிங் அத்தை நிமிர்ந்தாள்.

"அடடே, குட்டிப் பயலோட வந்திருக்கியா! அம்மா எங்கடி?"

சொன்னால் அம்மா இனி என்னோடு பேசாமலே போய்விட்டால்?

"சும்மாதான் வந்தேன், அத்தை."

வாசற்படி வரை போனவள் திரும்பினாள்.

"அத்தை, அம்மா எழுந்திருக்கவே மாட்டேங்கிறாங்க. எனக்குப் பயமா இருக்கு."

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"அடக் கடவுளே! பிள்ளை பெத்தவ தூங்கட்டும்னு நாங்க எட்டிக்கூடப் பார்க்கலையே!"

"அம்மா கோபப்படுவாங்களா?"

"படட்டும். நாங்க மூணு பேர் இருக்கோம், பங்கு போட்டுக்கிறோம்."

மூன்று பேரும் உடனே வந்தார்கள். அம்மா கோபப்படவில்லை. கட்டிங் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள்.

மறுநாள் டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். "பிரசவத்துக்கு அப்புறம் சில பேருக்கு இப்படி மனச்சோர்வு வரும். சரியாயிடும். மருந்து வேணும், தூக்கம் வேணும், பக்கத்துல ஆள் வேணும்" என்றார் டாக்டர்.

ஆள் மாற்றி ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். பட்டன் தைக்கிற அத்தை தம்பியைக் குளிப்பாட்டினாள். இன்னொருத்தி சமைத்தாள். கட்டிங் அத்தை சும்மா பக்கத்தில் உட்கார்ந்து வம்பளந்தாள். ஆனாலும் சில நாள் அம்மா சுவரையே பார்த்துக் கிடந்தாள். அப்போதெல்லாம் பொடிசு தம்பியைத் தூக்கிக்கொண்டு அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள்.

மூன்றாவது வாரம், காலையில் கட்டிங் அத்தை பொடிசுக்கு இரட்டைச் சடை பின்னினாள். ஒன்று காதுக்கு மேலே, ஒன்று கழுத்துக்குக் கீழே.

கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"ஏன்டி, உனக்குத் துணி வெட்டினா மட்டும்தான் நேரா வருமா?"

அத்தையின் கையிலிருந்து சீப்பு நழுவியது. அம்மா எழுந்து வந்து அதை எடுத்தாள். உதட்டோரம் சின்னதாக ஒரு சிரிப்பு.

"இங்க வா, பொடிசு."

பொடிசு ஓடிப்போய் அம்மாவின் மடியோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.