ஒரு வாய் குறைந்த மானிட்டர்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குள் சங்கமித்ரா மூன்று பேரோடு காய் விட்டிருந்தாள். தம்பி அறிவோடு. கீழே மளிகைக்கடை வைத்திருக்கும் தங்கபுஷ்பத்தோடு. வீடியோக்கடை யேசுதாஸோடு.

நான்காவதாக, ஒரு மானிட்டரோடு.

மானிட்டரிடம் "காய்" என்று சொன்னால் அதற்கு உறைக்காது. அதனால் வகுப்பில் டீச்சர் செய்வதுபோல, அதைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள்.

"ஏய், மெதுவா! தள்ளிடப் போற!" என்று அடுப்படியிலிருந்து அம்மா பூவம்மா கத்தினாள்.

"வுழுந்தா வுழட்டும்!"

அப்படிச் சொன்னாலும், மெதுவாகத்தான் திருப்பினாள்.

அது மிகவும் பழைய மானிட்டர். ராயபுரத்தில் ஏதோ ஒரு சரக்கு ஆபீஸில் கழித்துப் போட்டதை அப்பா வரதன் வாங்கி, ஆட்டோவில் மடியிலேயே வைத்துத் திருவொற்றியூருக்குக் கொண்டுவந்திருந்தார். பல் விளக்காதவனின் பல்லைப் போல மஞ்சளடித்துக் கிடந்தது. முகம் சின்னது, முதுகு பெரியது.

"கம்ப்யூட்டரே இல்ல. இது இன்னாத்துக்கு?" என்று அன்றைக்கு அம்மா கேட்டாள்.

"பின்னால ஓட்டை கீது பாரு. விசிடி பிளேயரை மாட்டினா படம் வரும். டிவி இல்லாத வூட்டுக்கு இதான் டிவி" என்றார் அப்பா.

அவர் சொன்னது சரிதான். யேசுதாஸ் கடையில் பிளேயரை வாடகைக்கு எடுத்து வந்தால், மானிட்டரில் கலர் கலராகப் படம் ஓடும்.

இன்றைக்கு ஓடவேண்டியது சங்கமித்ராவின் பாட்டு.

ஏப்ரல் பதினான்காம் தேதி, அம்பேத்கர் பிறந்தநாளுக்கு, அவர்கள் குடியிருக்கும் ஹவுசிங் போர்டு வாசலில் மேடை போட்டார்கள். சங்கமித்ரா தானே கட்டிய கானாப் பாட்டைப் பாடினாள். அறிவு டோலக் அடித்தான். மேடையில் இருந்த மைக் போதாதென்று, யேசுதாஸ் தன் கேமராவுக்காக இரண்டு குட்டி மைக்குகளை வைத்தார். ஒன்றை அவள் சுடிதார் கழுத்தில் குத்தினார். இன்னொன்றை டோலக்கின் ஓரத்தில் கட்டினார்.

எல்லாரும் கேட்டார்கள். அப்பா மட்டும் கேட்கவில்லை. அன்றைக்கு அவருக்கு அத்திப்பட்டில் நிலக்கரி இறக்கும் வேலை.

"விசிடி வரட்டும் கண்ணு. குந்திகினு முழுசா கேக்கறேன்" என்று சொல்லியிருந்தார். அதற்காக அவள் இரண்டு வாரம் காத்திருந்தாள்.

இன்று காலை விசிடி வந்தது. அப்பா தலைக்குக் குளித்து, சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு, மானிட்டர் முன்னால் உட்கார்ந்தார். பால் பாக்கெட் கொடுக்க வந்த தங்கபுஷ்பமும் நின்றுவிட்டாள்.

படம் வந்தது. பாட்டு தொடங்கும் முன்பு திரையில் அறிவு பக்கவாட்டில் பார்த்துத் தலையை ஆட்டினான். "சரிக்கா... சரிக்கா... சரிக்கா."

"யாருடா அது, இவ்ளோ மரியாதையான புள்ள!" என்று அம்மா சிரித்தாள்.

பிறகு டோலக் கிளம்பியது. திடும் திடும் திகிட திடும்! வீடே அதிர்ந்தது. சங்கமித்ரா வாயைத் திறந்து பாடினாள்.

சத்தமே இல்லை!

காதைத் தீட்டிக் கேட்டால், தூரத்தில் ஒரு கொசு சுற்றுவது போல ஏதோ கேட்டது. அவ்வளவுதான்.

"ஏட்டி, தொட்டி மீனு மாதிரில்லா வாயத் தொறந்து தொறந்து மூடுதே!" தங்கபுஷ்பம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் தெற்கே நாசரேத் பக்கத்துக்காரி. சிரித்தால் மூன்று மாடிக்கும் கேட்கும்.

"நான் எப்டி அடிக்கிறேன் பாரு நைனா!" என்றான் அறிவு.

அப்பா அவன் முதுகைத் தட்டினார். அப்புறம் சங்கமித்ராவைப் பார்த்தார். "உன் கொரலு எங்க கண்ணு? காணோமே?"

அந்தக் கேள்விதான் அவளைச் சுட்டது. பிளேயரில் கையை ஓங்கி ஒரு பட்டனை அமுக்கினாள். திரையில் அவள் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. படிகளில் தடதடவென்று இறங்கி யேசுதாஸ் கடைக்கு ஓடினாள்.

"என் பாட்டு எங்க? அழிச்சிட்டியா அண்ணே?"

"என் கேமரா மேல பழி போடாத. டோலக் கேக்குது இல்ல?" என்றார் யேசுதாஸ், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். "மைக்கு நல்ல மைக்கு. உன் கொரலு அவ்ளோதாம்மா. பத்தல."

குரல் பத்தவில்லையா! பேட்டைக்கு இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டால் அந்தப் பக்கம் போகும் கண்டெய்னர் லாரி நிற்குமே, அந்தக் குரலா?

அப்படித்தான் மூன்று காய்களும் ஆயின. அப்படித்தான் மானிட்டரும் சுவரைப் பார்த்து நின்றது.

இப்போது அதன் முதுகு அவள் முன்னால் இருந்தது. வேறு பார்க்க எதுவும் இல்லாததால், அதை முறைத்தாள்.

பிளேயரிலிருந்து மூன்று வயர்கள் ஒட்டிக்கொண்டு வந்தன. மஞ்சள் பின் மஞ்சள் ஓட்டையில் இருந்தது. வெள்ளைப் பின் வெள்ளை ஓட்டையில் இருந்தது. சிவப்புப் பின் எதிலும் இல்லை. மடக்கி ரப்பர் பேண்டு போட்டுக் கட்டித் தொங்கியது.

அறிவோடு காய் விட்டாயிற்று. நேராகக் கேட்க முடியாது. சுவரைப் பார்த்துக் கேட்டாள். "இந்தச் செவப்பு வயரை எந்த அறிவாளி கட்டி வெச்சான்னு யாராச்சும் கேட்டு சொல்லுங்க."

"அம்மா, பின்னால சவுண்டுக்கு ஒரே ஓட்டைதான் கீதுன்னு சொல்லும்மா" என்றான் அறிவு. "அது சும்மா கூட வர்ற வயரு."

"நீங்களே பேசிக்கோங்க. எனக்குச் சோறு பொங்குது" என்றாள் அம்மா.

சும்மா கூட வரும் வயரா? மைக் இரண்டு. மஞ்சள் படத்துக்குப் போனால், சத்தத்துக்கு வயரும் இரண்டு. ஓட்டை மட்டும் ஒன்று.

சங்கமித்ராவின் காது சூடானது. வெள்ளைப் பின்னைப் பிடுங்கினாள். அந்த ஓட்டையில் சிவப்புப் பின்னைக் குத்தினாள். மானிட்டரைத் திருப்பினாள். படம் நின்றிருந்த இடத்திலிருந்து பாட்டை ஓடவிட்டாள்.

*கண்டெய்னரு லாரி வருது பாரு –*
*கடலையே மூட்டை கட்டிப் போவுது பாரு!*

கணீரென்று வந்தது குரல்! பால் காசுக்காக இன்னும் வாசலில் நின்றிருந்த தங்கபுஷ்பம் "எம்மாடி!" என்று உள்ளே வந்தாள்.

"கேட்டீங்களா? கேட்டீங்களா?" என்று சங்கமித்ரா குதித்தாள்.

"அது சரி, இவன் என்ன மாவா பெசையுதான்?" என்றாள் தங்கபுஷ்பம்.

எல்லாரும் அப்போதுதான் பார்த்தார்கள். இப்போது டோலக்கைக் காணோம். திரையில் அறிவு சத்தமே இல்லாமல் கையை ஆட்டிக்கொண்டிருந்தான். தங்கபுஷ்பம் சிரித்தாள். அம்மாவும் சிரித்துவிட்டாள். எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தது சங்கமித்ராதான்.

அறிவு அழவில்லை. மோவாய் மட்டும் கொஞ்சம் ஆடியது. எழுந்துபோய் அரிசி டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டான்.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வரி முடிந்ததும் டோலக் நான்கு தட்டு தட்ட வேண்டும். அந்த இடம் வந்தது. தட்டு வரவில்லை. திரையில் சங்கமித்ரா வாயை மூடிக்கொண்டு, யாருக்காகவோ காத்திருப்பது போலத் தலையை ஆட்டினாள். பல் விழுந்த இடம் மாதிரி பாட்டில் ஒரு பொத்தல். அடுத்த வரியிலும் ஒரு பொத்தல்.

அவளுக்கு மறுபடி கோபம் வந்தது. இந்த முறை யார்மேல் என்று தெரியவில்லை. அரிசி டிரம் மூக்கை உறிஞ்சியது.

"டேய்" என்றாள். "வாடா."

"நம்ம காய்" என்றது டிரம்.

"பழம். வா. இது ரெண்டு பேர் பாட்டு. இந்த மானிட்டருக்கு ஒரே ஒரு வாய்தான் கீது. அதான் ஒரு நேரத்துல ஒருத்தரைத்தான் பேச வுடுது."

அறிவு வெளியே வந்தான். மானிட்டரின் இரண்டு பக்கத்தையும் உற்றுப் பார்த்தான். இடது பக்கம் கோடு கோடாகத் துளைகள் இருந்தன. வலது பக்கமும் அதே மாதிரி துளைகள். டார்ச் அடித்தான். இடது பக்கத் துளைகளுக்குப் பின்னால் வட்டமாக ஸ்பீக்கர் தெரிந்தது. வலது பக்கம் வெறும் இருட்டு.

"ஏமாத்திட்டாங்கக்கா! இந்தப் பக்கம் சொம்மா ஓட்டை போட்டு வெச்சிருக்காங்க!" அவனுக்கும் கோபம் வந்துவிட்டது. ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். "தொறந்து உள்ள ஒரு ஸ்பீக்கர் வெச்சிடலாம்."

அவன் கையில் பட்டென்று ஓர் அடி விழுந்தது.

"இது இன்னான்னு பாரு." சங்கமித்ரா மானிட்டரின் முதுகில் ஒட்டியிருந்த மஞ்சள் முக்கோணத்தைக் காட்டினாள். அதற்குள் ஒரு மின்னல். "பிளக்கைப் புடுங்கினாலும் டியூபுக்குள்ள கரண்ட் ஒளிஞ்சிகினு இருக்கும். ரொம்ப நேரம் இருக்கும். தொட்டா தூக்கி எறிஞ்சிடும்."

"அப்போ வாய் எங்க வைக்கிறது?"

"வாய் உள்ளதான் இருக்கணும்னு யாரு சொன்னா?"

போன கிறிஸ்துமஸுக்குத் தங்கபுஷ்பம் கடை வாசலில் பெரிய டேப் ரெக்கார்டரை வைத்து, அதில் ஒரு பிளேயரைச் செருகித் தெரு முழுக்கப் பாட்டு போட்டது அவளுக்கு நினைவு வந்தது. அந்த டேப் ரெக்கார்டரின் பின்னால் இரண்டு ஓட்டைகள் உண்டு. ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு.

ஆனால் கேட்க வேண்டியது தங்கபுஷ்பத்திடம். தொட்டி மீன் என்று சொன்ன தங்கபுஷ்பத்திடம்!

சங்கமித்ரா பல்லைக் கடித்துக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றாள். "ஆன்ட்டி. உங்க டேப்பு வேணும். நாலு மணிக்கு நைனா ஷிஃப்டுக்குப் போவாரு. அதுக்குள்ள வேணும்."

"கேக்குத தொனியப் பாரு, குடுக்கலன்னா கடையக் கொளுத்திருவா போல" என்றாள் தங்கபுஷ்பம். "எடுத்துக்க. ஆனா நான் வந்து உக்காந்தப் பொறவுதான் பாட்டப் போடணும்."

மத்தியானத்துக்குமேல் டேப் ரெக்கார்டரைக் கடையிலிருந்து ஆளுக்கொரு பக்கம் பிடித்து மாடி ஏற்றினார்கள். மானிட்டரின் வலது பக்கம், தலைகீழாகக் கவிழ்த்த அண்டாவின்மேல் வைத்தார்கள். இப்போது புதுச் சிக்கல். வயர்கள் மூன்றும் ஒட்டியிருந்ததால் சிவப்பு அங்கே எட்டவில்லை. சங்கமித்ரா பிளேயரின் சுவிட்சை அணைத்தாள். ஓரத்தில் நகத்தால் கீறி, முருங்கைக்காயைப் பிளப்பது போல, சிவப்பு வயரை மட்டும் மெல்லப் பிரித்தாள். வெள்ளைப் பின் மானிட்டருக்கு. சிவப்புப் பின் டேப் ரெக்கார்டருக்கு.

சரியாக அந்த நேரத்தில் பிளேயரைத் திருப்பி வாங்க யேசுதாஸ் வந்தார்.

"அடிப்பாவி! வாடகை வயரைக் கிழிச்சிட்டியா?"

"கிழிக்கல. பிரிச்சேன்." அவள் இடுப்பில் கைவைத்தாள். "உக்காரு அண்ணே. என் கொரலு பத்துதா பத்தலயான்னு கேட்டுட்டுப் போ."

யேசுதாஸ் உட்கார்ந்தார்.

முதலில் சத்தத்தைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. பாட்டின் நடுவிலிருந்து ஓடவிட்டார்கள். அறிவு மானிட்டரின் திருகைக் கூட்டினான். சங்கமித்ரா டேப் ரெக்கார்டரின் திருகைக் கூட்டினாள். அவன் இன்னும் கூட்டினான். அவளும் இன்னும் கூட்டினாள்.

"ரெண்டு பேரும் கையை எடுங்க!" அம்மா கரண்டியோடு வந்து நடுவில் நின்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். "இந்தப் பக்கம் கொறை. இல்ல, ரொம்பக் கொறைச்சிட்ட. ஆங். அப்டியே வுடு."

அம்மா நின்ற இடத்தில் ஒரு பாய் விரித்து அப்பாவை உட்காரவைத்தார்கள். தங்கபுஷ்பம் கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள்.

சங்கமித்ரா முதலிலிருந்து ஓடவிட்டாள்.

திரையில் அறிவு பக்கவாட்டில் பார்த்தான். டேப் ரெக்கார்டரிலிருந்து ஒரு குரல் சீறியது. "டேய் எருமை! ஸ்பீடா அடிச்சே, மேடைலயே மண்டைல கொட்டுவேன்!"

"சரிக்கா" என்றது மானிட்டர்.

"நாலு தட்டுதான். அஞ்சாவது தட்டினே, வூட்டுக்கு வராத!"

"சரிக்கா."

"மூக்குலேர்ந்து கையை எடு!"

"சரிக்கா."

அந்த வீடே சிரித்து வெடித்தது. தங்கபுஷ்பத்தின் சிரிப்பு மூன்று மாடியையும் தாண்டிப் போனது. யேசுதாஸ் பாயில் சாய்ந்துவிட்டார். "அதான் மரியாதையா!" என்று அம்மா கரண்டியால் தன் தலையிலேயே தட்டிக்கொண்டாள்.

"மேடை மைக்கு ஆஃப்ல இருந்திச்சே! யாருக்கும் கேக்காதுன்னு நெனச்சேன்!" சங்கமித்ரா கத்தினாள். காது இரண்டும் மிளகாய்ப்பழமாகச் சிவந்தன.

அதற்குள் பாட்டு தொடங்கிவிட்டது. வலது பக்கம் குரல், இடது பக்கம் டோலக். இரண்டும் நடுவில், அப்பா உட்கார்ந்திருந்த பாயில், ஒன்றாகச் சேர்ந்தன. கடலையே மூட்டை கட்டிக்கொண்டு லாரி போனது. நான்கு தட்டு வந்தது. ஐந்தாவது வரவில்லை.

அப்பா தாளம் போடவில்லை. தலையாட்டவில்லை. கடைசி வரி முடியும்வரை அசையாமல் கேட்டார்.

"மைக்கு நல்ல மைக்குன்னு சொன்னேன்ல?" என்றார் யேசுதாஸ்.

"கொரலு?"

"கொரலும்தாம்மா" என்றார் அவர், வயரைப் பார்த்துக்கொண்டே.

மணி நாலாகிக்கொண்டிருந்தது. அப்பா சாப்பாட்டுப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஆனால் எழுந்திருக்கவில்லை.

"இன்னொரு தபா போடு கண்ணு."

"பாட்டுலேர்ந்தா நைனா?"

"இல்ல" என்றார் அப்பா. "திட்டுலேர்ந்து."

சங்கமித்ரா அவரை முறைத்தாள். முறைத்துக்கொண்டே பட்டனை அமுக்கினாள்.