எழிலரசி கொண்டுவந்த கல்

தொண்ணூற்றெட்டில் ஒரு சனிக்கிழமை மதியம், அமெரிக்காவில் சன்னிவேல் அப்பார்ட்மெண்டில், தன் வீட்டுக்கு நேர் மேல் மாடியில் இருந்த தோழி எழிலரசியைப் பார்க்கப் போனாள் வான்மதி. கையில் தயிர்சாத டப்பா, வயிற்றில் எரிச்சல். இருக்காதா பின்னே? கிரீன் கார்டு வரும்வரை வேலைக்குப் போக முடியாமல் இவள் வீட்டைக் காத்துக் கிடக்க, அவள் சம்பாதிக்கிறாள், கார் ஓட்டுகிறாள், இப்போது பெரு நாட்டுக்கே போய் ஆண்டீஸ் மலை உச்சியில் ஏறி வந்திருக்கிறாள். "என்ன தைரியம் பாரேன்!" என்று புருஷன் சபரி வேறு, கட்டின பெண்டாட்டி எதிரிலேயே.

எழிலரசி சோபாவில் சுருண்டு கிடந்தாள். ஊர் திரும்பி ஒரு வாரமாகியும் மூச்சு வாங்கியது.

"என்னடி ஆச்சு?"

"தெரியலடி. அங்க உச்சியில பெரிய கல்லுக் குவியல். ஏறி வர்றவங்க ஆளுக்கொரு கல்லு வச்சு, அலுப்பையெல்லாம் அதுல இறக்கிட்டுப் போவாங்களாம். ஞாபகத்துக்கு ஒண்ணு எடுத்துட்டு வந்தேன்."

டிவி மேல் இருந்தது. கறுப்பாய், வழவழவென்று. அவள் தண்ணீர் குடிக்க எழுந்த நேரத்தில் அது வான்மதியின் கைப்பைக்குள் போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் பூஜை அலமாரியில் வைத்துக் குங்குமம் இட்டாள். மலை உச்சிக் கல் சாமிதானே! இனி நமக்கும் நல்ல காலம்தான்.

மறுநாள் மாடியில் எழிலரசி கலகலவென்று சிரித்தாள். இவளுக்கோ சமையலறைக்கு நடக்கவே இரைத்தது. வீடெங்கும் ஈரக் கம்பளி வாடை.

போன் அடித்தது.

"வான்மதி, அந்தக் கல்லை நீ எடுத்தியா? குடுத்துடுடி, திருப்பி அனுப்பணும். கைடுக்கு போன் பண்ணேன். மலை ஏறுறவங்க அலுப்பை இறக்க, கல்லு எங்க இருக்கோ, அங்கயே தேடி வருவாங்களாம்."

கொடுத்திருக்கலாம். ஆனால் அந்தக் குரலில் இருந்த தெம்பு! பற்றிக்கொண்டு வந்தது.

"எனக்கெதுக்குடி உன் கல்லு?"

போனை வைத்தாள்.

பூஜை அலமாரியில் டக்கென்று ஒரு சத்தம்.

கல்லுக்குப் பக்கத்தில் இன்னொரு கல். அதிலிருந்து பனி உருகி வடிந்தது.

யாரோ நெஞ்சில் ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது.

டக்.

டக்.

ஐயோ, போதும், கொடுத்துவிடுகிறேன் என்று கையை நீட்டினாள். அலமாரி நிறையக் கற்கள். எல்லாவற்றிலும் குங்குமம்.

இதில் எது எழிலரசியுடையது?

காதோரம் யாரோ, சுமை இறங்கிய நிம்மதியில் பெருமூச்சு விட்டார்கள். அவர் விலகியதும், அடுத்தவருடைய மூச்சிரைப்பு நெருங்கி வந்தது.