அவன் பிடிக்காத கை

"இன்ஸ்பெக்டரா? என்னைக் கொன்னவனைக் கையும் களவுமாப் புடிச்சு வெச்சிருக்கேன். சீக்கிரம் வாங்க!"

"யாரும்மா பேசறது?"

"செத்துப் போனவ!"

இன்ஸ்பெக்டர் வந்தார். சிரித்துக்கொண்டேதான் வந்தார்.

ஆபரேஷனுக்குப் பின் படுக்க வைக்கும் அறை. கட்டிலில் ஜவுளிக்கடை முதலாளியம்மா. தரையில் அவள் புருஷன்... வாய் பிளந்து, மயங்கி! பக்கத்தில் மயக்க மருந்து டாக்டரம்மா.

"பித்தப்பைக் கல்லை எடுக்க வந்தேன் சார். கூடவே இந்தக் கல்லையும் எடுத்துட்டேன்!"

"நீங்கதான் குத்துக்கல்லா இருக்கீங்களேம்மா! கொலை எங்கே?"

டாக்டரம்மா குறுக்கிட்டாள்.

"பொறந்ததிலிருந்தே இவங்க இதயத்துல ஓட்டை சார். மயக்கம் கொடுக்கறதே கத்தி மேல நடக்கற மாதிரி. மருந்தைச் சொட்டுச் சொட்டாத்தான் ஏத்தணும். பிரஷர் சட்டுனு இறங்கினா ஆள் காலி. டிரிப்ஸ்ல கடுகளவு காத்து போனாலும் ஓட்டை வழியா நேரா மூளைக்குப் போயிடும். நேத்தே ரெண்டு பேர்கிட்டயும் சொன்னேன்."

"புருஷன் கேட்டாரா?"

"அது வரைக்கும் காதைத் தீட்டிக்கிட்டுக் கேட்டார். அப்புறம் ஒரு போன் வந்தது... இளிச்சுக்கிட்டே வெளியே போயிட்டார்!"

பாதிப் பாடத்தோடு பரீட்சைக்குப் போன புண்ணியவான்!

இன்று நர்ஸ் நகர்ந்ததும் மானிட்டர் ஒயர்களைப் பிடுங்கினான். சிரிஞ்ச் நிறையக் காற்றை டிரிப்ஸ் குழாயில் ஏற்றினான். கண்மூடிக் கிடந்தவளின் இடது மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தான்.

நாடி... இல்லை!

போனை எடுத்தான். "கண்ணு! காத்து ஏத்திட்டேன்... சனியன் தொலைஞ்சுது! இனி கடை நமக்குத்தான்!"

சனியன் கண்ணைத் திறந்தது.

"சாவி வேணுமாங்க?"

அவன் விழுந்த சத்தத்தில் கீழ்த்தளத்தில் இரண்டு பிரசவம் முன்கூட்டியே ஆனதாகக் கேள்வி!

"ஏத்தின காத்து என்னாச்சு?" இன்ஸ்பெக்டர் இன்னும் நம்பவில்லை.

"ஊசிக்கு முன்னாடி ஒரு ஃபில்டர் போட்டிருந்தேன். குமிழி அதைத் தாண்டாது. அதை நான் சொல்றப்போதான் அவர் போன்ல கொஞ்சிக்கிட்டிருந்தார்!" என்றாள் டாக்டரம்மா.

"அப்போ நாடி?"

முதலாளியம்மா இடது கையை நீட்டினாள்.

"புடிச்சுப் பாருங்க."

பிடித்தார். தேடினார். தடவினார். முகம் வெளுத்தது!

"குழந்தையா இருக்கும்போதே இதயத்துக்காக ஆபரேஷன் பண்ணி, இந்தக் கைக்கு வர்ற ரத்தக்குழாயை நுரையீரலுக்குத் திருப்பி விட்டுட்டாங்க சார். அன்னையிலிருந்து இங்க நாடி கிடையாது. கட்டின நாள்லேர்ந்து ஒரே ஒரு தடவை ஆசையா இந்தக் கையைப் புடிச்சிருந்தா, பாவிக்குத் தெரிஞ்சிருக்கும்!"

தரையில் முனகல்.

"டாக்டர், எங்க வீட்டுக்காரருக்கு மூச்சு முட்டுது போல. கொஞ்சம் காத்து ஏத்துங்களேன்... அதே சிரிஞ்ச்ல!"

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார்.

"ஒத்துக்கறேன்மா. கொலை நடந்திருக்கு! ஒரே ஒரு உதவி... பிணம் தவறாம கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொல்லணும்!"