இடமில்லை என்று சொல்ல ஓர் ஆள்

டென்னிஸ் கிளப் என்று சொல்லிவிட்டு அவர் இங்கேதான் வந்துபோயிருக்கிறார். எவ்வளவு சுலபமாக நம்பியிருக்கிறேன்.

கன்டோன்மென்ட்டில் அந்தப் பழைய பங்களாவின் கேட்டிலேயே ஆட்டோ நின்றுவிட்டது. லூர்துராணி அதையே நினைத்தபடி இறங்கினாள்.

"தலைவெட்டி பங்களாங்க இது. சத்தியத்த மீறினவன் தலைய உள்ளயே எடுத்துருவாங்களாம்," என்று ஆட்டோக்காரர் சிரித்தார். சிரித்தாலும் இன்ஜினை அணைக்கவில்லை.

கணவர் அமிர்தராஜுக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள்தான் அழகிரி போன் செய்தார். வெள்ளைக்காரப் பட்டாளத்து அதிகாரிகள் தொடங்கிய ஃப்ரீமேசன் என்ற ரகசியச் சங்கத்துக்கு இப்போது அவர்தான் செயலாளராம். அமிர்தராஜ் அதில் உறுப்பினராம், அவர்கள் பேச்சில் சகோதரராம். ஓர் உதவி வேண்டுமாம்.

கத்தோலிக்கர் அதில் சேரக் கூடாது என்பது திருச்சபையின் கட்டளை. தெரிந்திருந்தால் ஃபாதர் கல்லறைத் தோட்டத்தில் இடம் கொடுத்திருப்பாரா? அதை வைத்து மிரட்டத்தான் கூப்பிடுகிறார் என்று அவளுக்குத் தோன்றியது.

அழகிரி அழைத்துப்போன கூடத்தில் ஜன்னல்களே இல்லை. கறுப்பு வெள்ளைத் தரை. சுவரோரம் காலி நாற்காலிகள். அழகிரி கதவைச் சாத்தித் தாழிட்டதும் சாயங்கால வெளிச்சம் வெளியே நின்றுவிட்டது.

"ஒரு மாசமா, கூட்டம் ஆரம்பிச்சுக் கதவச் சாத்தினா வெளியில தட்டுறாங்கம்மா. தொறந்தா யாருமில்ல."

"யாராவது விளையாடுவாங்க சார்."

"நாங்களும் அப்படித்தான் நெனச்சோம். சகோதரன் வந்து தட்டினா இடமில்லன்னு சொல்ல மாட்டோம்னு சத்தியம் பண்ணவங்க நாங்க. வெளியாள்தான் சொல்லணும். 'உங்களுக்கு இங்க இடமில்ல, போங்க'ன்னு ஒரு தடவ சொல்லிடுங்க."

நாடகம். ஆளை நிறுத்தியிருப்பார்கள். அவளே தாழை நீக்கிப் பார்த்தாள். தாழ்வாரத்தில் ஒருவரும் இல்லை. தூரத்தில் ஆட்டோவின் இரைச்சல் மட்டும். மறுபடி சாத்தித் தாழிட்டாள்.

தட்டும் சத்தம் கேட்டது.

உள்ளங்கையால், மெதுவாக. பிறகு நகத்தால் ஒரு கீறல்.

தாமதமாக வீடு திரும்பினால், பக்கத்து வீட்டார் விழித்துவிடாதபடி அமிர்தராஜ் அப்படித்தான் தட்டுவார். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

கதவிடுக்கு வழியாக ஈர மண் வாடை வந்தது.

வீட்டுக்கு வரத் தோன்றவில்லையே இவருக்கு. பயத்துக்கு முன்னால் அந்தக் கோபம்தான் வந்தது. பிறகுதான் புரிந்தது. கல்லறையில் படுத்திருக்க முடியாமல் இங்கே வந்து நிற்கிறார். இங்கேயும் இடமில்லையென்றால்?

"சொல்லுங்கம்மா." அழகிரி கதவைவிட்டுப் பின்வாங்கினார். "இல்லன்னா நான் ஃபாதர்கிட்ட போயி எல்லாத்தையும் சொல்ல வேண்டியிருக்கும். அப்புறம் கல்லறைக்கு என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்."

தாழிட்ட கதவின் கைப்பிடி தானாகக் கீழே இறங்கியது.

அவள் கதவில் கையை வைத்தாள். மரத்துக்கு அந்தப் பக்கம், சரியாக அவள் கை இருந்த இடத்தில், ஜில்லென்று ஏதோ வந்து படிந்தது. கையை எடுக்க வேண்டும் என்று உடம்பு சொன்னது. அவள் எடுக்கவில்லை.

"மாட்டேன் சார்," என்றாள் மெதுவாக. "அவர் இங்கயே நிக்கட்டும்."