மின்சாரம் பற்றாத டிஸ்க்

புது ஹார்ட் டிஸ்க்குக்கு மூச்சு இரைத்தது. அண்ணனின் பழைய கம்ப்யூட்டரில் முன்பக்கம் செருகியதும் நீல விளக்கு மினுக்கியது, உள்ளே ஏதோ சுழலப் பார்த்தது, பிறகு ஒரு சின்ன விக்கலோடு அடங்கிப்போனது. மறுபடி சுழல், மறுபடி விக்கல்.

கிழட்டுப் பெட்டிக்கு மின்சாரம் பற்றவில்லை, அவ்வளவுதான் என்று தம்பி தன்னையே தேற்றிக்கொண்டான். அண்ணனைப் போல இவனும் கட்டட வரைபடம் போடுகிறவன்தான். ஆனால் அண்ணனுக்குத்தான் அது கைவந்த கலை. பெட்டிக்குள் அண்ணன் போட்டு வைத்திருந்த அரங்கத்தின் வரைபடத்தை நகலெடுத்து, அண்ணன் பெயரை அழித்து, நாளைக்குத் தன் பெயரில் கொடுத்தாக வேண்டும்.

போன வருஷம் இதே நாற்காலியில்தான் அண்ணனுக்குக் கடைசியாக ஆஸ்துமா இழுப்பு வந்தது. பக்கத்து அறையிலிருந்த தம்பிக்கு அந்த இரைப்பு ஒவ்வொன்றும் கேட்டது. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். இவனுக்கு எதுவும் ஆடவில்லை. சத்தம் நின்ற பிறகுதான் கதவைத் திறந்தான்.

மேசைக்கடியில் தவழ்ந்து, தூசியும் சூடான பிளாஸ்டிக் வாடையும் மூக்கில் ஏற, பின்பக்கத் துளையில் செருகினான். வயர் குட்டை. டிஸ்க்கை இடது கையில் பிடித்தபடி நாற்காலியில் உட்கார்ந்தான். விரல்களை இறுக்கியதும் சீராகச் சுழன்றது. நகல் ஓடத் தொடங்கியது. ஐந்து சதவீதம். பத்து.

நெஞ்சு அடைத்தது. தூசிதான் என்று நினைத்தான். முப்பது. மூச்சு பாதியில் நின்றது. டிஸ்க்கைக் கீழே வைக்கப் பார்த்தான். விரல் பிரியவில்லை. பற்றாத மின்சாரம் எங்கிருந்து வருகிறதென்று அப்போதுதான் உறைத்தது.

ஸ்பீக்கரில் யாரோ மூச்சு விட்டார்கள். நிதானமாக. சுகமாக.

வயரைப் பிடுங்கினான். கழன்று விழுந்தது. எண் நிற்கவில்லை. அறுபது.

கதவுக்கு வெளியே மனைவியின் செருப்புச் சத்தம் வந்து நின்றது.

"என்னங்க, மூச்சு வாங்குற மாதிரி கேக்குதே. உள்ள வரட்டுமா?"

வாயைத் திறந்தான். காற்று இல்லை.

"ஒண்ணும் இல்லம்மா, தூசி," என்றது ஸ்பீக்கர், அவன் குரலிலேயே. "நீ போய் உன் வேலையப் பாரு. நான் மெதுவா வர்றேன்."

செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது.

நூறு.

நகம் நீலம் பாரித்த அவன் வலது கை தானாக மௌஸைப் பிடித்தது. வரைபடத்தைத் திறந்தது. அண்ணன் பாதியில் விட்ட கோட்டை, விட்ட இடத்திலிருந்தே இழுக்கத் தொடங்கியது. மூச்சில்லாத தம்பி கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.